அளவுகோலும் அச்சமும்: எட்கர் தர்ஸ்டன் வாழ்வும் பணியும்

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதப் புகுவோர் எவரும் எட்கர் தர்ஸ்டன் என்னும் பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. 1909-ஆம் ஆண்டு சென்னை அரசு அச்சகத்தின் வழி வெளிவந்த அவருடைய ஏழு பெருந்தொகுதிகள், தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாள நாடுகளின் முந்நூறுக்கும் மேற்பட்ட குடிகளை ஆங்கில அகர வரிசையில் நிரல்படுத்திக் காட்டுவன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைத் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் பெயரில், க. ரத்னம் அவர்களின் மொழிபெயர்ப்பாக வெளியிட்ட பின்னர், ஆங்கிலம் அறியாத வாசகரும் அவரைப் படிக்கலாயினர். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அவரை மேற்கோளாக எடுக்கின்றனர். சாதி வரலாறு எழுதுவோர் சிலர் அவரைப் போற்றுகின்றனர். சிலர் அவரோடு வழக்காடுகின்றனர். ஆனால் அந்த மனிதர் யார், அச்செய்திகளை எவ்வாறு திரட்டினார், திரட்டப்பட்ட மக்கள் அவரை என்னவாகக் கண்டனர் என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வினாக்களோடு அவர் வாழ்வை நோக்குவது பொருத்தமாகும். ஊரூராகச் சென்று பிறர் வாய்மொழியைக் கேட்டு எழுதுவது கவிஞருக்கும் ஆய்வாளருக்கும் பொதுவான தொழில் அன்றோ?

மருத்துவர் காட்சிச்சாலைக்கு வந்த கதை

தர்ஸ்டன் 1855-ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த கியூ என்னும் ஊரில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்று, 1877-இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். கெண்ட் மாவட்டத்து மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய பின், தாம் பயின்ற கல்லூரியின் காட்சிச்சாலைக்குக் காப்பாளராக இருந்தார். உடலை அறுத்துப் பார்க்கும் மருத்துவக் கல்வியும் பொருளை வகைப்படுத்தி அடுக்கும் காட்சிச்சாலைப் பயிற்சியும் ஒருசேர அமைந்த அந்த இளமைக்காலமே அவருடைய பிற்கால ஆய்வுக்கு அடித்தளம் இட்டது எனலாம்.

1885-ஆம் ஆண்டு, எழும்பூரில் அமைந்த சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக அவர் அமர்ந்தார். 1851-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தில் அவர் ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றினார். தொடக்கத்தில் அவருடைய நாட்டம் மனிதரைப் பற்றியதன்று. மன்னார் வளைகுடாவின் கடல்வாழ் உயிர்களையும் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் ஆராய்ந்து 1890-இல் ஒரு நூல் எழுதினார். நாணயங்களைப் பற்றியும் எழுதினார். மீனும் சிப்பியும் காசும் கடந்து அவர் கவனம் மக்கள்பால் திரும்பியது அடுத்த பத்தாண்டிலேதான். 1896 முதல் அருங்காட்சியகத்தின் வெளியீடுகளில் நீலகிரித் தொதவர், கோத்தர் முதலியோரைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் வரத் தொடங்கின. சிப்பியை ஆராய்ந்த அதே முறை மனிதருக்கும் பொருந்தும் என்று அவர் கருதினார். எடுத்தல், அளத்தல், குறித்தல், அடுக்குதல் என்பனவே அம்முறையின் படிகள்.

அளவையின் காலம்

அக்காலத்து ஐரோப்பிய அறிவுலகம் அவருடைய கருத்துக்கு முழு ஆதரவு தந்தது. மண்டை ஓட்டின் நீள அகலங்களையும் மூக்கின் உயர அகலங்களையும் அளந்து கணக்கிட்டால் மனித இனங்களைப் பிரித்தறியலாம் என்று அறிஞர் பலர் நம்பினர். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி அதன் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு மூக்குக் குறியெண் என்று பெயர். வங்கத்தில் இந்திய ஆட்சிப்பணி அலுவலராக இருந்த ரிஸ்லி, சாதியின் உயர்வு தாழ்வு மூக்கின் அளவில் தெரிகிறது என்றே வாதிட்டார். 1901-இல் இந்திய அரசு நாடு முழுவதற்கும் இனவரைவியல் அளவாய்வு ஒன்றை ஏற்படுத்தியபோது, சென்னை மாகாணத்தில் அதை நடத்தும் பொறுப்பு தர்ஸ்டனுக்கு வந்தது. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே. ரங்காச்சாரி அவருக்குத் துணையாக நின்றார். ஏழு தொகுதிகளின் முகப்பிலும் ரங்காச்சாரியின் பெயர் இடம்பெற்றுள்ளது.

அளவுக் கருவிகளும் நிழற்படப் பெட்டியும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு தர்ஸ்டன் மலைக்கும் சமவெளிக்கும் பயணம் செய்தார். கைப்பிடியின் வலிமையைக் காட்டும் கருவியும் கண்ணை மயக்கும் படங்களும் உடன் சென்றன. மக்களை ஈர்ப்பதற்கு அவை உதவின. இவ்விளையாட்டால் கூடியவர்களின் தலையும் மூக்கும் பின்னர் அளக்கப்பட்டன. அளப்பது எதற்கு, எழுதியது எங்கே போகும் என்பவற்றை விளக்கி இசைவு பெறும் வழக்கம் அன்றைய ஆய்வுலகில் இல்லை. அவ்வழக்கம் வேண்டும் என்று தோன்றியதாகவும் தெரியவில்லை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. தர்ஸ்டன் அருங்காட்சியகத்தில் காவல்துறையினருக்கும் உடல் அளவைப் பயிற்சி அளித்தார். குற்றவாளியை அவன் உடலின் அளவுகளைக் கொண்டு அடையாளம் காணும் முறை பிரான்சு நாட்டில் தோன்றி, அந்நாளில் இந்தியக் காவல்துறையிலும் புழங்கியது. பின்னர் கைரேகை அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே அறிவுக்காக அளந்த கையும் ஆட்சிக்காக அளக்கக் கற்றுக்கொடுத்த கையும் ஒன்றாகவே இருந்தன.

மக்கள் அஞ்சியது எதனை?

தர்ஸ்டன் தம் பெருநூலின் முன்னுரையில், தம்மைக் கண்டு மக்கள் அஞ்சிய செய்திகளை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். அதற்காக நாம் அவருக்கு நன்றி உடையோம். வயநாட்டுப் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினர். தம்முள் சிறந்த உடலமைப்பு உடையவரைப் பிடித்துச் சென்று, பாடம் செய்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என்று அவர்கள் நினைத்தனர். பழைய சிறு குற்றம் ஒன்றுக்காகத் தேடப்பட்ட இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று கருதி அதனருகே நிற்க மறுத்தார். மைசூர்ப் பகுதியில், தென்னாப்பிரிக்காவுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று எண்ணி ஊர் ஊராக மக்கள் அவர் வருமுன்னே அகன்றனர். போயர் என்னும் பட்டம் உடைய ஒட்டர் மக்கள், தென்னாப்பிரிக்கப் போரில் மடிந்த போயர்களின் இடத்தை நிரப்பத் தங்களை நாடு கடத்துவார் என்று அஞ்சினர். கோயம்புத்தூரில் அவர் ஊரைவிட்டுப் புறப்படும் வரை செங்கற் சூளைக்குத் தீ மூட்டவும் மறுத்தனர். அளவிடும் இடத்தைக் குறிக்க நெற்றியில் வைத்த வெள்ளைப் பொட்டு கொப்புளித்து எண்ணாக மாறும், அவ்வெண்ணைக் கொண்டு பின்னாளில் ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டுபோவர் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. தலையும் மார்பும் பாதமும் அளந்தபோது, அவர் படைவீரருக்கு உடை தைக்கும் தையற்காரர் என்று சிலர் ஐயுற்றனர்.

இவற்றையெல்லாம் தர்ஸ்டன் நகைச்சுவையாகவே எழுதினார். பணியப் பெண்களின் அச்சத்தைக் குறித்த இடத்தில், அவர்கள் நினைத்ததுபோல் செய்ய முடிந்தால் காட்சிச்சாலைக்கு உருவச்சிலை செய்யும் சிக்கல் தீர்ந்திருக்குமே என்னும் கருத்தில் ஒரு வேடிக்கைத் தொடரும் சேர்த்தார். அந்நாள் வாசகர் அதைப் படித்துச் சிரித்திருக்கக்கூடும். இன்று படிப்போர்க்கு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை.

அம்மக்கள் அறியாமையால் அஞ்சினர் என்று கொள்வது எளிது. அவர்கள் அஞ்சியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரியும். தூக்குமரம், சிறை, படைக்கு ஆள் சேர்ப்பு, கடல் கடந்த கூலிவேலை, உடலில் இடும் அடையாளம் ஆகியவையே அப்பட்டியலில் உள்ளன. இவற்றுள் எதுவும் கற்பனை அன்று. காலனி ஆட்சி தம்மை ஒத்த ஏழை மக்களுக்குச் செய்துவந்தவற்றையே அவர்கள் அளவுகோலில் கண்டனர். பின்னே அரசின் வலிமையை வைத்துக்கொண்டு ஒருவர் வந்து உடலை அளந்தால், அந்த அளவு இறுதியில் யாருக்குப் பயன்படும் என்னும் வினாவை அவர்கள் தம் வழியில் எழுப்பினர். ஓடிப்போவது ஒருவகை மறுப்பு. அளவுகோலின் கீழே நிற்க மறுத்ததும் அவ்வாறே. கள ஆய்வின் அறநெறி பற்றிய முதல் விமரிசனத்தை எழுத்தறியாத அம்மக்கள் கால்களாலேயே எழுதிச் சென்றனர். அதைத் தம் நூலில் பதிந்து வைத்த தர்ஸ்டன், அதன் பொருளை மட்டும் உணரவில்லை.

திண்டுக்கல் சமவெளியும் மூன்றாம் தொகுதியும்

நம் திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் தனியே பிரிந்தது. தர்ஸ்டன் காலத்தில் இது மதுரை மாவட்டத்தின் பகுதி. அவர் நூலில் பழனி மலைப் பளியரும் குன்னுவரும் சமவெளித் தொட்டியரும் பிறரும் இடம்பெறுகின்றனர். மூன்றாம் தொகுதியில் கள்ளர் பற்றிய கட்டுரை நீண்டது. அதில் நம் பகுதியின் கசப்பான நிகழ்ச்சி ஒன்றும் சொல்லப்படுகிறது.

1896-இல் திண்டுக்கல் வட்டத்தில், கள்ளர் காவல் முறைக்கு எதிராக வேளாண் மக்களும் கால்நடை வளர்ப்போரும் ஒன்றுகூடினர். காவல் கூலி கொடுப்பதை நிறுத்தினர். களவுபோன பொருளுக்கு ஈடு கொடுக்க ஊர்தோறும் பொதுநிதி திரட்டினர். நிதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பண்டு என்று திரிந்து அவ்வியக்கத்தின் பெயராயிற்று. அது பழனி, பெரியகுளம் பக்கங்களுக்கும் பரவியது. பல ஊர்களில் கள்ளர் குடும்பங்கள் காவற்பணியை இழந்தன, குடியிருப்புகள் எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர்.

தர்ஸ்டன் இதற்கு ஆதாரமாகக் கொண்டவை அலுவலரின் எழுத்துகளே. அரசுக் குறிப்புகளும் மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளும் மாவட்ட விவரச் சுவடிகளும் அவர் நூலெங்கும் விரவிக் கிடக்கின்றன. வேறிடங்களில் மக்களின் உடலை நேரே அளந்தவர், இங்கே மக்களின் சொல்லை நேரே கேட்கவில்லை. காவல் கூலி கொடுத்தவர் பட்ட தொல்லையும், காவற்பணியை இழந்து வெளியேறியவர் பட்ட துயரும் அலுவலர் பார்வையில் வடிகட்டப்பட்டே அவரிடம் வந்து சேர்ந்தன. ஒரு குடியின் ஒரு காலத்து நிலை அதன் மாறாத இயல்பாக அச்சில் ஏறிவிட்டது.

அச்சில் ஏறிய இயல்புக்கு விளைவு உண்டு. 1911-இல் திருத்தப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், 1914 முதல் மதுரை மாவட்டத்துக் கள்ளர் மீது படிப்படியாகப் பாய்ந்தது. வயதுவந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல்துறை குறித்த இடத்தில் தலைகாட்ட வேண்டும். நம் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் ரேகை பதிய மறுத்துத் திரண்டவர் மீது காவல்துறை சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கியது.

இச்சட்டத்தைத் தர்ஸ்டன் இயற்றவில்லை. அது வந்தபோது அவர் இந்தியாவிலும் இல்லை. பழி முழுவதையும் அவர் தலையில் ஏற்றுவது நேர்மை ஆகாது. ஆயினும் ஒரு குடி முழுவதையும் ஒரே சொல்லால் வரையறுக்கலாம் என்னும் எண்ணம் அவர் போன்றோர் நூல்களால் அறிவின் தோற்றம் பெற்றது. நெற்றிப் பொட்டு எண்ணாக மாறும் என்று சிலர் அஞ்சியது, சில ஆண்டுகளில் விரல்நுனியின் மை வடிவில் மெய்யாயிற்று.

அவரை அடுத்து வந்தோர்

தர்ஸ்டன் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1901-02-இல், ரிவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் நீலகிரிக்கு வந்து தொதவரிடையே பணி செய்தார். மொழிபெயர்ப்பாளர் துணையோடு சில மாதங்கள் தங்கி, உறவுமுறை வழிகளையும் சடங்குகளையும் ஆளாளாகக் கேட்டுக் குறித்தார். மறைபொருளாக இருந்த சடங்குகளை அவருக்குக் காட்டியவர்களுள் ஒருவர் நோயுற்றார். மற்றொருவரின் மனைவி இறந்தார். மறைவானதை அயலாருக்கு வெளியிட்டதால் தெய்வம் சினந்தது என்று குறி சொல்வோர் கூறினர். அதன்பின் பலர் அவரிடம் பேசத் தயங்கினர். இதனை ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையிலேயே பதிவு செய்தார். நோய்க்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நாம் சொல்லலாம். அவர்கள் அடைந்த அச்சமும் குற்ற உணர்வும் மெய். ஆய்வாளர் ஊர் திரும்பிவிடுவார். சொன்னவர் அவ்வூரிலேயே, சொன்னதன் சுமையோடு வாழ வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் லூயி துய்மோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தமிழ் கற்றுக்கொண்டு மதுரைப் பகுதிக்கு வந்து, 1949-ஐ ஒட்டிப் பிரமலைக் கள்ளரிடையே பல மாதங்கள் தங்கினார். 1957-இல் வெளிவந்த அவர் நூலில் அம்மக்களின் உறவுமுறையும் வழிபாடும் நிலமும் பேசப்படுகின்றன. காவல் குறிப்பேட்டில் ஒற்றைச் சொல்லாக நின்றவர்கள் அங்கே மாமன், மைத்துனன், பங்காளி என்னும் உறவுகளோடு வாழும் சமூகமாகத் தோன்றுகின்றனர். அவருடைய கோட்பாடுகளில் உடன்படாதார் பலர் உண்டு. எனினும் மொழி கற்று, உடன் தங்கிக் கேட்டால் கிடைப்பது வேறு என்பதற்கு அந்நூல் சான்றாகும்.

மூக்கின் அளவால் மனிதரைப் பகுக்கும் கொள்கையோ காலப்போக்கில் வீழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளைக் கண்டபின், 1950-இல் யுனெஸ்கோ நிறுவனம் இனக் கொள்கைக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. தர்ஸ்டன் அரும்பாடுபட்டுத் திரட்டிய எண்கள் இன்று அறிவியல் வரலாற்றின் ஒரு பழைய ஏடாக நிற்கின்றன. அவர் இடையிடையே குறித்த திருமண வழக்கங்கள், சாவுச் சடங்குகள், கைத்தொழில் முறைகள், ஊர்க் கதைகள் ஆகியவையே இன்றும் பயன்படுகின்றன. முதன்மையானது என்று அவர் கருதியது மறைந்தது. துணைச்செய்தி என்று கருதியது நிலைத்தது.

இறுதி ஆண்டுகள்

1908-இல் அவர் பணி ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு தொகுதிகள் வெளிவந்தன. கைசர்-இ-ஹிந்து பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. தென்னிந்தியச் சகுனங்களையும் மூடநம்பிக்கைகளையும் பற்றி 1912-இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் பகுதியின் பென்சான்ஸ் நகரில் வாழ்ந்து, செடிகொடிகளை ஆராயும் பணியில் மனம் செலுத்தினார். அப்பகுதியின் மரங்களையும் புதர்களையும் பற்றிய அவர் நூல் 1930-இல் வந்தது. மீனில் தொடங்கி மனிதர் வழியாக மரத்தில் முடிந்த அந்த ஆய்வு வாழ்வு 1935 அக்டோபரில் நிறைவுற்றது. அப்போது அவருக்கு அகவை எண்பது.

நாம் கொள்ள வேண்டியது

தர்ஸ்டன் கொடியவர் அல்லர். உழைப்பாளி, தமக்குத் தகவல் தந்த அலுவலர்க்கும் நண்பர்க்கும் முன்னுரையில் நன்றி கூறத் தவறாதவர். ஆனால் அவருடைய நூலின் நிழற்படங்களைப் பாருங்கள். அங்கே நிற்கும் ஆணும் பெண்ணும் சாதிப்பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். அவர்க்கென ஒரு பெயர் உண்டு என்பது கருதப்படவில்லை.

தமிழ்ப் புலவர்க்கு இது ஒரு பழைய சிந்தனையை நினைவூட்டும். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. உள்ளத்தின் மறைவான உணர்வைப் பாடும்போது, அந்த உணர்வுக்கு உரியவர் ஊரார் நாவில் படாமல் காக்கப்படுகின்றனர். அங்கே பெயரைச் சொல்லாமை மதிப்பு. தர்ஸ்டனின் படத்தாளிலும் பெயர் இல்லை. அங்கே அது ஆளை மாதிரிப்பொருளாக ஆக்கிய செயல். பெயரை எப்போது மறைப்பது, எப்போது கூறுவது என்பதே இன்றைய கள ஆய்வு அறநெறியின் நடுப்பொருள். தன் துயரைச் சொன்ன பெண்ணின் பெயரை மறைத்தல் அறம். தன் பாட்டைத் தந்த பாடகியின் பெயரை, அவர் விரும்பும்போது, விட்டுவிடுதல் களவு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய ஒரே வழி அவரிடமே கேட்பது.

நம் சமவெளியின் ஊர்களில் ஒப்பாரியும் ஏற்றப்பாட்டும் கேட்டு எழுதச் செல்வோர் இன்று அளவுகோல் கொண்டு போவதில்லை. கையில் கைபேசி உள்ளது. ஒரு நொடியில் குரலும் முகமும் பதிவாகி, ஒரு நாளில் உலகெங்கும் பரவிவிடுகின்றன. எனவே தர்ஸ்டன் காலத்தினும் நம் பொறுப்பு கூடியதேயன்றிக் குறையவில்லை. எதற்காகப் பதிகிறோம் என்பதை அவர் மொழியில் சொல்லுதல் வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்துதல் வேண்டும். எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் அவர்க்கே படித்துக் காட்டுதல் வேண்டும். ஒருவர் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டால், அதனையும் ஒரு விடையாக ஏற்றல் வேண்டும்.

அந்த ஏழு தொகுதிகளை நாம் ஒதுக்க வேண்டியதில்லை, தொடர்ந்து படிப்போம். படிக்கும்போது, அளவுகோலின் கீழ் நிற்க மறுத்த இருளரையும் ஓடிமறைந்த பணியப் பெண்களையும் அந்நூலின் ஆசிரியர்களாகவே எண்ணிப் படிப்போம். அவர்கள் சொல்லாமல் சொன்னதைக் கேட்கும் செவி வாய்ப்பின், தர்ஸ்டனின் உழைப்பும் வீண்போகாது.